காற்றே விசிறி! - விமான வீரர் ஜே.ஆர்.டி. டாட்டாவின் கதை

மின்சார மோட்டார் வருவதற்கு முன்பு, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கழனிகளில் ஆயில் என்ஜின்தான் தண்ணீர் இறைத்தது. கோடையில் ஏரி வற்றிவிட்டால், கிணற்று மேட்டில் அது "டப்... டப்... டப்..." என்று அடிக்கும் சத்தம் அடுத்த ஊர் வரை கேட்கும்.

அந்த என்ஜினைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கிணற்றில் இருந்து வரும் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாய் என்ஜினுக்குள் கொண்டு போகும். பச்சைத் தண்ணீராக உள்ளே போவது, வெந்நீராக வெளியே வரும். மார்கழி மாதத்துக் காலையில் அந்த வெந்நீரில் கை கால் கழுவப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

அந்தச் சின்னக் குழாய் அடைத்துக் கொண்டால்?

என்ஜின் கொதிக்கும். எண்ணெய் நீர்த்துப் போகும். பிஸ்டன் பிடித்துக் கொள்ளும். என்ஜின் நின்றுவிடும்.

கழனியில் என்ஜின் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஒரு நாள் தண்ணீர் பாயாது. அவ்வளவுதான்.

ஆனால் ஆகாயத்தில் நின்றுவிட்டால்? அங்கே கிணறு ஏது? மெக்கானிக் ஏது?

இந்தக் கேள்விக்கு விடையை நம்பி, தன் உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். இந்தியாவில் முதன்முதலாக விமானம் ஓட்டும் லைசென்சு பெற்றவர் அவர்தான்.

அவர் பெயர், ஜகாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. சுருக்கமாக, ஜே.ஆர்.டி. டாட்டா.

பக்கத்து வீட்டுக்காரர்

ஜே.ஆர்.டி. 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, பம்பாயைச் சேர்ந்த பார்சி வியாபாரி. தாயார் சூசன், பிரெஞ்சுப் பெண்மணி.

பிரான்சு நாட்டின் கடற்கரையில் ஹார்டெலோ என்ற ஊர் இருக்கிறது. கோடை விடுமுறையில் டாட்டா குடும்பம் அங்கே போய்த் தங்கும். அவர்களுடைய வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொருவரின் வீடு இருந்தது. அவர் சாதாரண மனிதர் அல்ல. ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த வீரர், லூயி பிளேரியோ!

பிளேரியோ கால்வாயைக் கடந்தது 1909-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி. அவருடைய விமானத்தில் இருந்தது 25 குதிரைச் சக்தி கொண்ட சின்ன என்ஜின். மூன்றே சிலிண்டர்கள். தண்ணீர் கிடையாது. காற்றுப் பட்டுத்தான் அது ஆற வேண்டும்.

அந்த என்ஜினுக்கு ஒரு பொல்லாத குணம் இருந்தது. கொஞ்ச நேரம் ஓடினாலே சூடேறிவிடும். சில நாட்களுக்கு முன்புதான், புகைக் குழாயின் சூடு பட்டு பிளேரியோவின் கால் வெந்து போயிருந்தது. ஊன்றுகோலுடன்தான் அவர் விமானத்துக்கு வந்தார்.

கீழே கடல். மேலே கொதிக்கும் என்ஜின். நடுவழியில் ஒரு தூறல் மழை வந்து என்ஜினைக் குளிர்வித்தது என்றும், அதனால்தான் அவர் கரை சேர்ந்தார் என்றும் இன்றைக்கும் கதையாகச் சொல்வார்கள். ஏறத்தாழ 37 நிமிடத்தில் அவர் இங்கிலாந்தில் இறங்கினார்.

பிளேரியோவின் விமானங்கள் ஹார்டெலோ கடற்கரை மணலில் வந்து இறங்கும். சிறுவன் ஜே.ஆர்.டி. கண் கொட்டாமல் பார்ப்பான். 15-வது வயதில் ஒருநாள், காசு கொடுத்து விமானத்தில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். தானும் விமானம் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அன்றே மனதில் வேர் விட்டது.

ஆசை நிறைவேற இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. 1923-ல் தாயார் இறந்தார். ஜே.ஆர்.டி. பிரெஞ்சு ராணுவத்தில் ஓராண்டு வேலை பார்த்தார். இங்கிலாந்தில் என்ஜினீயரிங் படிக்க விரும்பினார். தந்தை அவரை இந்தியாவுக்கு அழைத்துக் கொண்டார். 1925-ல் சம்பளம் இல்லாத பயிற்சியாளராக டாட்டா கம்பெனியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் காலமானார். குடும்பப் பொறுப்பு, 22 வயது இளைஞரின் தோளில் விழுந்தது.

லைசென்சு நம்பர் 1

பம்பாயில் விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் கிளப் தொடங்கியது. ஜே.ஆர்.டி. ஓடிப்போய்ச் சேர்ந்தார். நான்கு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியிலேயே தனியாகப் பறந்து காட்டினார்! 1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி அவருக்கு லைசென்சு கிடைத்தது. அதன் எண்: 1.

அவர் ஒரு "ஜிப்சி மாத்" விமானத்தை விலைக்கு வாங்கினார். இரண்டு பேர் உட்காரக் கூடிய சின்ன விமானம். அதன் என்ஜினில் நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. சக்தி, 100 குதிரை. அதிலும் தண்ணீர் கிடையாது.

தண்ணீர் இல்லாமல் என்ஜின் எப்படி ஆறுகிறது? இதைப் புரிந்து கொண்டால்தான் ஜே.ஆர்.டி. செய்த காரியத்தின் அருமை தெரியும்.

ஒரு ரூபாயில் முக்கால் ரூபாய் வீண்!

விமான என்ஜினில் ஒரு ரூபாய்க்குப் பெட்ரோல் எரிகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் 25 முதல் 30 காசு வரைதான் விசிறியைச் சுற்றுகிற வேலைக்குப் பயன்படும். மற்றதெல்லாம் வெறும் சூடு! அதில் பெரும் பகுதி, புகைக் குழாய் வழியாக வெளியே போய்விடும். மீதிச் சூடு என்ஜினின் உடம்பிலேயே தங்கும். அதை வெளியேற்றியே ஆக வேண்டும்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது சூடு 2,000 டிகிரியைத் தாண்டும். சிலிண்டரின் தலைப்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகி ஓடிவிடும். உள்ளே எரிவது எரிந்து கொண்டே இருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள உலோகமோ 250 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. உங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் நின்றால் அதன் என்ஜினைப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நீட்டிக் கொண்டிருக்கும். அழகுக்காக வைத்தவை அல்ல அவை.

சூடான சோற்றைப் பானையிலேயே வைத்திருந்தால் ஆற நேரம் ஆகும். அதையே இலையில் பரப்பினால்? சீக்கிரம் ஆறிவிடும். காற்றுப் படும் இடம் அதிகமாவதுதான் காரணம். தகடுகள் செய்வதும் அதே வேலைதான். சிலிண்டரின் சூட்டை வாங்கிப் பரப்பிக் காட்டுகின்றன. விமானம் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது எதிர்க்காற்று தகடுகளுக்கு இடையே புகுந்து சூட்டை அள்ளிக் கொண்டு போகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிலிண்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. முன்னால் நிற்பதற்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும். கடைசியில் நிற்பதற்குச் சூடான காற்றுதான் மிஞ்சும். ஆகவே என்ஜினைச் சுற்றித் தகரத் தடுப்புகளை வைத்தார்கள். வாய்க்காலில் மடை கட்டிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் பாய்ச்சுகிறோம் அல்லவா? அதைப் போல, இந்தத் தடுப்புகள் காற்றைத் திருப்பி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதன் பங்கைக் கொடுத்தன. ஒரு பக்கமாக நுழையும் காற்று, தகடுகளைத் தடவிக் கொண்டு மறு பக்கமாக வெளியேறும்.

எண்ணெய்க்கும் இதில் பங்கு உண்டு. அது தேய்மானத்தை மட்டும் குறைப்பதில்லை. பிஸ்டனின் சூட்டையும் சுமந்து கொண்டு வெளியே வருகிறது.

போட்டியில் தோற்றார், மனதில் ஜெயித்தார்

1929-ல் ஆகாகான் ஒரு பரிசு அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு!

ஜே.ஆர்.டி. 1930-ம் ஆண்டு மே 3-ந் தேதி கராச்சியில் இருந்து புறப்பட்டார். எதிர்த் திசையில், இங்கிலாந்தில் இருந்து ஆஸ்பி என்ஜினீயர் என்ற 17 வயதுப் பையன் பறந்து வந்தான். இருவரும் எகிப்து நாட்டில் அலெக்சாண்டிரியா அருகே ஒரே விமான நிலையத்தில் சந்தித்தார்கள்.

ஆஸ்பி அங்கே மாட்டிக் கொண்டு தவித்தான். அவன் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. கையில் மாற்றுப் பிளக் இல்லை.

ஸ்பார்க் பிளக் என்பது சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் சின்னச் சாமான். அதற்கும் சூட்டுக் கணக்கு உண்டு. அளவுக்கு மேல் சூடானால், பொறி விழுவதற்கு முன்பே அதன் முனை பெட்ரோலைப் பற்ற வைத்து என்ஜினைக் கெடுக்கும். சூடு குறைந்தாலோ, கரி பிடித்துப் பொறியே வராது. பிளக் இல்லாமல் பாலைவனத்தின் மேல் பறக்க முடியுமா?

ஜே.ஆர்.டி. நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம். பரிசு அவருக்குக் கிடைத்திருக்கும். ஆனால் அவர், தான் உபரியாக வைத்திருந்த பிளக்குகளில் இருந்து எடுத்துக் கொடுத்தார். வழியில் தனக்கே தேவைப்படலாம் என்று யோசிக்கவில்லை.

முடிவு என்ன? ஆஸ்பி சில மணி நேரம் முந்திக் கொண்டு பரிசைத் தட்டிச் சென்றான்! ஜே.ஆர்.டி. அதற்காக வருந்தவில்லை. அந்தப் பையன் பிற்காலத்தில் இந்திய விமானப் படைக்கே தலைமைத் தளபதி ஆனார்.

பனை ஓலைக் கொட்டகை

அந்தக் காலத்தில் சீமைத் தபால் கராச்சி வரை விமானத்தில் வரும். அங்கிருந்து ரயிலில் ஆடி அசைந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் வந்து சேரும். அதை விமானத்திலேயே கொண்டு வந்தால் என்ன என்று கேட்டவர், நெவில் வின்சென்ட் என்ற விமானி. ஜே.ஆர்.டி. அவருடன் கை கோத்தார். டாட்டா கம்பெனி இரண்டு லட்சம் ரூபாய் முதல் போட்டது. சர்க்கார் மானியம் ஒரு காசு கூடக் கிடையாது.

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. கராச்சியில் விடிந்தும் விடியாத நேரம். "புஸ் மாத்" என்ற சின்ன விமானத்தில் தபால் மூட்டை ஏறியது. எடை சுமார் 25 கிலோ. ஜே.ஆர்.டி. தனியாக ஏறி உட்கார்ந்தார்.

வழிகாட்ட ரேடியோ இல்லை. துணைக்கு ஆள் இல்லை. இருந்தது ஒரே ஒரு என்ஜின். நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்கும் என்ஜின் அது. எண்ணெய் தீரக் கூடாது. தடுப்புத் தகரம் கழலக் கூடாது. தகடுகளுக்கு இடையே தூசி அடைக்கக் கூடாது. இவற்றில் எது நடந்தாலும், அவரும் தபால் மூட்டையும் தரைக்கு வர வேண்டியதுதான்!

புறப்படும் நேரம்தான் என்ஜினுக்கு மிகவும் சோதனையான நேரம். அப்போது முழுச் சக்தியுடன் ஓடும். சூடு அதிகம். ஆனால் மேலே ஏறும் விமானத்தின் வேகமோ குறைவு. காற்றும் குறைவு. ஆகவே விமானிகள் செங்குத்தாக ஏறமாட்டார்கள். காற்று நன்றாகப் பாயும்படி சாய்வாகத்தான் ஏறுவார்கள்.

இறங்கும்போது ஆபத்து வேறு விதம். அடுப்பில் இருந்து இறக்கிய மண்சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? விரிசல் விடும். அதைப் போல, என்ஜினின் சக்தியைத் திடீரென்று குறைத்து வேகமாக இறங்கினால், சூடான சிலிண்டர் சட்டென்று குளிர்ந்து கெட்டுவிடக் கூடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

வழியில் ஆமதாபாத். அங்கே பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன! விமானத்துக்குப் பெட்ரோல் கொண்டு வந்தது மாட்டு வண்டி! பெட்ரோலை நிரப்பிக் கொண்டு ஜே.ஆர்.டி. மறுபடியும் கிளம்பினார். பிற்பகலில் பம்பாய் ஜூஹூ மைதானத்தில் பத்திரமாக இறங்கினார்.

அங்கிருந்து தபாலை வின்சென்ட் ஏற்றிக் கொண்டார். இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். நம் ஊருக்கு இந்திய விமானக் கம்பெனியின் தபால் வந்த கதை இதுதான்.

அந்தக் கம்பெனியின் சொத்து என்ன தெரியுமா? இரண்டு சின்ன விமானங்கள், ஜூஹூவில் ஒரு பனை ஓலைக் கொட்டகை, விரல் விட்டு எண்ணக் கூடிய ஆட்கள். மழைக் காலம் வந்தால் மைதானம் குளமாகிவிடும். அப்போது பூனாவுக்கு மூட்டை கட்ட வேண்டும்.

இவ்வளவு கஷ்டத்திலும் முதல் ஆண்டு முழுவதும் தபால் தவறாமல் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிலோமீட்டர் பறந்தார்கள். 155 பயணிகளையும் ஏற்றிச் சென்றார்கள். 60 ஆயிரம் ரூபாய் லாபம்! ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து என்ஜினைத் துடைத்த மெக்கானிக்குகளுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

பதினெட்டு சிலிண்டர் பூதம்

1938-ல் ஜே.ஆர்.டி. டாட்டா நிறுவனங்களுக்கே தலைவர் ஆனார். அப்போது அவருக்கு வயது 34. இரும்பு, மின்சாரம் என்று எத்தனையோ தொழில்களைக் கவனித்தார். ஆனால் மனம் மட்டும் ஆகாயத்திலேயே இருந்தது. தோள் கொடுத்த வின்சென்ட், இரண்டாவது உலகப் போரின்போது 1942-ல் விமானப் பயணத்தில் உயிர் இழந்தார். ஜே.ஆர்.டி. மனம் தளரவில்லை. 1946-ல் டாட்டா விமானக் கம்பெனி "ஏர் இந்தியா" என்று பெயர் மாறியது.

1948-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி பம்பாயில் இருந்து லண்டனுக்கு முதல் விமானம் கிளம்பியது. பெயர் "மலபார் பிரின்சஸ்". 35 பயணிகள். ஜே.ஆர்.டி.யும் அதில் பறந்தார்.

அந்த "கான்ஸ்டலேஷன்" ரக விமானத்தில் நான்கு என்ஜின்கள். ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர்கள்! சூரியகாந்திப் பூவின் இதழ் மாதிரி வட்டமாக, முன்னால் 9, பின்னால் 9. ஒவ்வொரு என்ஜினும் 2,000 குதிரைச் சக்திக்கு மேல் தரும். புஸ் மாத் எங்கே? இது எங்கே?

சக்தி கூடியது. சூடும் கூடியது. முன் வரிசைக்குக் குளிர்ந்த காற்று. பின் வரிசைக்கோ முன் வரிசையின் பெருமூச்சு! இதே குடும்பத்து என்ஜினைப் போர்க் காலத்தில் பி-29 குண்டு விமானங்களில் வைத்தபோது, சூடு தாங்காமல் பல என்ஜின்கள் தீப்பிடித்தன. அப்படிப்பட்ட பூதத்தைச் சாந்தப்படுத்திப் பயணிகளை ஏற்ற வேண்டி இருந்தது.

எப்படிச் சாந்தப்படுத்தினார்கள்?

என்ஜினை மூடியுள்ள உறையின் பின் ஓரத்தில் கண் இமை மாதிரி சின்னக் கதவுகளை வைத்தார்கள். திறந்தால் காற்று அதிகமாகப் பாயும். மூடினால் குறையும். எப்போதும் திறந்தே வைக்கலாம் என்றால், காற்று தடுத்து விமானத்தின் வேகம் குறையும்.

புறப்படும்போது தேவைக்கு மேல் பெட்ரோலை உள்ளே விட்டார்கள். வீண் செலவு என்று நினைக்கிறீர்களா? ஈரத்துணி காற்றில் உலரும்போது குளிர்கிறது அல்லவா? அதைப் போல, எரியாத பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டைக் குடித்துக் கொள்ளும்.

புகை வெளியேறும் வால்வுதான் மிகவும் வேகும் உறுப்பு. அதன் உள்ளே பொந்து செய்து சோடியம் என்ற உலோகத்தை அடைத்தார்கள். சாம் ஹெரான் என்ற என்ஜினீயர் கண்ட வழி இது. சோடியம் 98 டிகிரியிலேயே உருகிவிடும். வால்வு மேலும் கீழும் ஆடும்போது, உருகிய சோடியம் உள்ளே குலுங்கி, தலைச் சூட்டைத் தண்டுக்குக் கொண்டு வந்து இறக்கிவிடும்.

எல்லா விமானங்களும் காற்றை மட்டும் நம்பவில்லை. போரில் புகழ் பெற்ற "ஸ்பிட்பயர்" விமானத்தின் என்ஜினில், கார் மாதிரி, குளிர்ச்சி நீர் ஓடியது. ஆனால் ரேடியேட்டரில் ஒரு குண்டு துளைத்தால் போதும். நீர் ஒழுகி, சில நிமிடங்களில் என்ஜின் செத்துவிடும். காற்றுக்கு அந்தப் பயம் இல்லை. காற்றை யார் ஓட்டை போட முடியும்?

கான்ஸ்டலேஷன் விமானத்தில் இந்த வேலைகளுக்காகவே ஒரு என்ஜினீயர் உட்கார்ந்திருப்பார். சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பதும், இமைக் கதவுகளைத் திறந்து மூடுவதும் அவர் பொறுப்பு. பயணிகள் தூங்குவார்கள். அவர் தூங்க முடியாது.

மீண்டும் அதே வானம்

1953-ல் விமானக் கம்பெனிகளைச் சர்க்கார் எடுத்துக் கொண்டது. ஜே.ஆர்.டி.க்கு அது பெரிய மனவேதனை. ஆனாலும் ஏர் இந்தியாவின் தலைவராக அவரே நீடித்தார். சர்க்கார் கம்பெனியைத் தன் பிள்ளை மாதிரி கவனித்தார்.

1960-ல் ஜெட் விமானங்கள் வந்தன. ஜெட் என்ஜினில் பிஸ்டன் இல்லை, தகடும் இல்லை. சூட்டின் பெரும் பகுதியைப் பின்பக்கமாகப் பீறிட்டுத் தள்ளி, அதைக் கொண்டே முன்னால் பாய்கிறது. 1962-ல் ஏர் இந்தியா ஜெட் விமானங்களை மட்டுமே ஓட்டும் கம்பெனி ஆயிற்று. 18 சிலிண்டர் பூதத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

1978-ல் ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியில் இருந்து சர்க்கார் விலக்கியது. 46 ஆண்டு உறவு! வேறொருவராக இருந்தால் மனம் ஒடிந்து போயிருப்பார்.

ஜே.ஆர்.டி. என்ன செய்தார் தெரியுமா?

1982-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. முதல் தபால் விமானம் பறந்து சரியாக 50 ஆண்டுகள். 78 வயதுக் கிழவர், "லெப்பர்டு மாத்" என்ற பழைய சின்ன விமானத்தில் ஏறினார். கராச்சியில் இருந்து பம்பாய்க்கு மறுபடியும் பறந்து வந்தார்! அதே வழி. புஸ் மாத்துக்குத் தம்பி முறையான விமானம். தலைகீழாகத் தொங்கும் அதே நான்கு சிலிண்டர்கள். அதே காற்று.

எத்தனையோ ஜெட் விமானங்களை வாங்கிய மனிதருக்கு, காற்றால் ஆறும் அந்தச் சின்ன என்ஜின் மீது 50 ஆண்டு கழித்தும் நம்பிக்கை போகவில்லை.

1992-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1993-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி ஜெனீவா நகரில் காலமானார். பிறந்த ஊரான பாரிசிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். 2022-ம் ஆண்டு ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குடும்பத்து நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

உத்திரமேரூர்க் கழனி வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் விமானங்கள் போவது தெரியும். பெரும்பாலும் அவை ஜெட் விமானங்கள். ஆனால் விமானம் ஓட்டப் பழகும் பிள்ளைகளின் சின்ன விமானங்களில் பலவும் இன்றும் தகடு வைத்த, காற்றால் ஆறும் என்ஜின்களில்தான் பறக்கின்றன.

என்ஜினை ஓட வைப்பது நெருப்பு. அந்த நெருப்பே என்ஜினை அழித்துவிடாமல் காப்பது காற்று. ஜே.ஆர்.டி.க்குள்ளும் ஒரு நெருப்பு இருந்தது. பரிசு கை நழுவிப் போனபோதும், வளர்த்த கம்பெனி கை மாறியபோதும், பதவி பறிபோனபோதும் அந்த நெருப்பு அவரை எரித்துவிடவில்லை. கடைசி வரை அவரைப் பறக்கத்தான் வைத்தது.